முழு வருகைக் கோப்பை

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடுவமா அண்ணாச்சி? பஸ் போற வேகத்துக்கு எதிர்க்காத்து நேரா நெஞ்சுல வந்து அடிக்குது. ஆங், இப்பச் சரி. நான் இருமுறேன்னு நீங்க ஒதுங்கி உக்கார வேண்டாம். இது காய்ச்சல் இருமல் இல்ல. பஞ்சுத் தூசி. இருபத்திரெண்டு வருசமா மில்லுல இருக்கிறவனுக்குத் தூசி இல்லாம இருக்குமா? நேத்து எங்க ஷிப்டுல மட்டும் ஆறு பேரு இருமிக்கிட்டுக் கிடந்தாங்க. எல்லாருக்கும் ஒரே தூசி.

உங்க சட்டைப்பையில பேனா தெரியுதே, கொஞ்சம் குடுங்களேன். இந்தக் கவர் மேல விலாசம் எழுதணும். விருதுநகர்ல கல்வி அதிகாரி ஆபீசுக்குத்தான் போறேன், ஒரு மனு குடுக்க. மூடியப் பல்லுல கடிச்சுக்கிட்டாத்தான் எனக்கு எழுத்தே ஓடும், தப்பா நினைக்காதீங்க. பெ...று...நர். ம். முடிஞ்சுது. இந்தாங்க. ஏன், கையிலயே வாங்கலாமே, துண்டு வச்சு வாங்குறீங்க? அதுவும் சரிதான், மை ஒட்டும்.

என்ன மனுன்னு கேக்க மாட்டீங்களா? நீங்க இறங்குற சிவகாசி வர்ற வரைக்கும் பொழுது போகணுமே. நானே சொல்றேன்.

என் பேரு குருவையா. ராஜபாளையத்துல ஒரு மில்லுல டைம் ஆபீஸ் பாக்குறேன். டைம் ஆபீஸ்னா ஆளுங்க எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, யாரு வரல, ஏன் வரலன்னு பதிவேடு பாக்குற வேலை. வருசம் பூரா லீவு போடாம வந்தா ஒரு சுவர்க்கடிகாரம்னு மில்லுல பதினாலு வருசமாக் குடுக்குறாங்க. எங்க வீட்டுல பதினாலு கடிகாரம் மாட்டியிருக்கு. எட்டு ஓடுது. எட்டும் எட்டு நேரம் காட்டும், அது வேற விசயம். நான் லீவு போடுற ஆளே இல்ல அண்ணாச்சி. என் கல்யாணத்தையே வார லீவு அன்னைக்குத்தான் வச்சேன். நாள் நல்லா இல்லன்னு என் மாமனாரு ஒரு வருசம் என்கூடப் பேசல.

ஏன் இப்படின்னு சில பேரு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நான் ஒன்பதாப்பு படிக்கிறப்ப எங்கய்யா கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து கால ஒடச்சுக்கிட்டாரு. ஒரு நாள் லீவு போட்டுட்டு ஐயாவப் பாத்துக்கிடுடான்னு சொன்னாங்க. போட்டேன். அந்த லீவு இன்னும் முடியல அண்ணாச்சி. அதுக்கப்புறம் நான் பள்ளிக்கூடத்துக்குள்ள போனது என் மகளச் சேக்கத்தான்.

மக பேரு பூர்விகா. ஒரே பிள்ளை. அஞ்சாப்பு. அவ படிக்கிற பள்ளிக்கூடத்துல ஒரு வழக்கம் இருக்கு. ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் ஒரு வேளை கூட லீவு போடாத பிள்ளைக்கு, ஆண்டு விழா மேடையில முழு வருகைக் கோப்பை குடுப்பாங்க. ஒரு வேளைன்னு ஏன் சொல்றேன்னா, காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, ரெண்டு வேளையும் பேரு கூப்பிடுவாங்க. அஞ்சு வருசம். மழையில முழங்கால் தண்ணியில கூட்டிட்டுப் போயிருக்கேன். அவ சித்தி கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் போனோம், அவ பக்கத்து வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போனா. இந்த வருசம் பந்தயத்துல மிஞ்சுனது ரெண்டே பேருதான். எம்மக ஒண்ணு. அவ பக்கத்துல உக்காருற ஷெர்லின் ஒண்ணு, ரேசன் கடை ஜெபராசு மக. ரெண்டு பிள்ளைகளும் உசுருக்குசுரா இருக்கும். அப்பமாரு நாங்கதான் தினம் காலையில பள்ளிக்கூட கேட்டுல நின்னு, ‘உங்க பிள்ளை நல்லாயிருக்காளா’ன்னு ஒருத்தர ஒருத்தர் விசாரிச்சுக்கிடுவோம்.

அப்பத்தான் இந்தக் காய்ச்சல் வந்துச்சு. உங்க பக்கமும் வந்துச்சா? எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு. சுகாதாரத்துறைல இருந்து பள்ளிக்கூடத்துக்குத் தாள் வந்துச்சு. காய்ச்சல், சளி, இருமல் இருக்கிற பிள்ளைய வீட்டுலயே வச்சுக்கிடுங்க, கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, இருமும்போது வாயப் பொத்துங்கன்னு. தலைமை ஆசிரியை பத்மாவதி டீச்சர் அதை எங்க எல்லார்கிட்டயும் வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குனாங்க. நான்தான் மொதக் கையெழுத்து. நல்ல விசயம் தானே?

அடுத்த திங்கக்கிழமை காலையில பூர்விகாவுக்கு நூத்தி ரெண்டு.

பதறாதீங்க. நான் பதறல. மாத்திரை குடுத்தேன், கஞ்சி குடுத்தேன். பிரச்சினை என்னன்னா, பள்ளிக்கூட கேட்டுல ஒரு டீச்சர் நிப்பாங்க. துப்பாக்கி மாதிரி ஒரு மெசினு, நெத்திக்கு நேரா பிடிச்சுக் காய்ச்சல் பாக்கும். நூறுக்கு மேல போனா பிள்ளையத் திருப்பி அனுப்பிடுவாங்க. மெசினு பாக்குறது நெத்திய மட்டும்தான, உடம்பையா பாக்குது? டைம் ஆபீஸ்ல இருக்கிறவனுக்கு மெசினோட குணம் தெரியும் அண்ணாச்சி.

டிவிஎஸ் எக்செல் வண்டியில நடுவுல பிள்ளைய உக்கார வச்சேன். பின்னாடி என் வீட்டுக்காரி கனகமணி, பிள்ளை நெத்தியில ஈரத்துணியப் பிடிச்சுக்கிட்டே வந்தா. கேட்டுக்குப் பத்தடி முன்னாடி வண்டிய நிறுத்தி, துணிய எடுத்து, ஈரம் தெரியாம இருக்கத் திருநீறு பூசி உள்ள அனுப்புனோம். மெசினு தொண்ணூத்தி மூணு காட்டுச்சு. டீச்சர் மெசினத் தட்டிப் பாத்தாங்க. ‘உயிரோட இருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு குறைச்சலா வராதே சார்’னாங்க. ‘பேட்டரி போயிருக்கும் டீச்சர், மாத்துங்க’ன்னேன். மத்தியானம் நானே போயி ரெண்டு பேட்டரி வாங்கிக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு நம்மளால ஆன உதவி.

பிள்ளை பாவம், ‘அப்பா, தலை வலிக்குதுப்பா, படுத்துக்கிறேம்ப்பா’ன்னுச்சு. எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. ‘பேரு கூப்பிடும்போது மட்டும் எந்திரிச்சு உள்ளேன் டீச்சர்னு சொல்லிரும்மா, அப்புறம் டெஸ்க்குல படுத்துக்கோ’ன்னேன். திங்க, செவ்வா, புதன், மூணு நாளும் ஈரத்துணி, திருநீறு, தொண்ணூத்தி மூணு. மூணு நாளும் ரெண்டு வேளையும் உள்ளேன்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு சேதி வந்துச்சு. ஷெர்லினுக்கு வகுப்புலயே உடம்பு கொதிச்சிருக்கு. டீச்சர் ஜெபராசுக்குப் போன் போட, அந்த ஆளு கடைய அப்படியே விட்டுட்டு ஓடியாந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. எத்தனை மணிக்குத் தெரியுமா? ஒண்ணு முப்பத்தஞ்சு. ஒண்ணு நாப்பதுக்கு மத்தியான வருகை எடுப்பாங்க. அஞ்சு நிமிசம் அண்ணாச்சி! ‘உள்ளேன் டீச்சர்’னு ஒரு வார்த்தை சொல்ல வச்சுட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். அஞ்சு வருச உழைப்பு அஞ்சு நிமிசத்துல போச்சு. சில பேருக்குப் பிள்ளையோட எதிர்காலத்தப் பத்தி நினைப்பே இல்ல. சத்தியமா நான் சந்தோசப்படல. கொஞ்சம்தான்.

சாயங்காலமே அவரு வீட்டுக்குப் போயி, ரொட்டி பிஸ்கட்டு வாங்கிக் குடுத்து, பூர்விகாவையும் கூட்டிட்டுப் போயி விசாரிச்சுட்டு வந்தேன். முறையில நான் குறை வைக்கிறதில்ல.

வியாழக்கிழமை காலையில எம்மகளால எந்திரிக்க முடியல. நிக்க வச்சா சரியுறா. ஈரத்துணி பிடிக்க மாட்டேன்னு கனகமணி வாளியக் கவுத்துட்டு உள்ள போயிட்டா. மணி எட்டு. சரியா எட்டான்னு கேக்காதீங்க, நடுக்கடிகாரத்துல எட்டு. அஞ்சு வருசம் கரையேறிட்டு, இன்னும் ஒன்றரை மாசத்துல கோப்பை. இந்த ஒரு நாள்ல போயிருமா?

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாட்டா என்ன? பள்ளிக்கூடமே இல்லன்னா ஆப்சென்ட் ஏது?

வண்டிய எடுத்துக்கிட்டுப் பறந்தேன். கேட்டுல பெத்தவங்க கூட்டமா நிக்கிறாங்க. அஞ்சாப்புல மட்டும் பதினேழு பிள்ளை வரல. அஞ்சாப்பு டீச்சரே வரல, அவங்களுக்கும் காய்ச்சலாம். சத்துணவு ஆயாவும் வரல. நான் முன்னாடி போயி நின்னு, ‘இப்படி விட்டா நம்ம பிள்ளைக கதி என்னாகுறது, பள்ளிக்கூடத்த உடனே மூடணும்’னு ஒரு சத்தம் போட்டேன். மொத்தக் கூட்டமும் என் பின்னாடி வந்துச்சு.

பத்மாவதி டீச்சர் நல்லவங்கதான். ஆனா அவசரம் புரியாது. ‘மேல கேக்கணும் சார், பொறுங்க’ங்குறாங்க. எனக்குக் கண்ணு பூரா மேசை மேல இருக்கிற வருகைப் பதிவேட்டு மேலதான். மணி ஒன்பது பத்து. ஒன்பது இருபதுக்குத் திறந்துருவாங்க. ‘டீச்சர், முதல்ல போன் போடுங்க, பதிவேட்ட அப்புறம் பாக்கலாம்’னு அது மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன். அவங்க சுகாதாரத்துறைக்குப் போட்டாங்க, கல்வி ஆபீசுக்குப் போட்டாங்க, எல்லாரும் பேசி, ஒன்பது பதினெட்டுக்கு ஏழு நாள் விடுமுறைன்னு முடிவாச்சு. ஒன்பது பதினெட்டு! ரெண்டு நிமிசம் மிச்சம். ஜெபராசு இருந்தா நிமிசத்தோட அருமையக் கத்துக்கிட்டிருப்பாரு.

டீச்சர் ரொம்ப வருத்தமா ஒண்ணு சொன்னாங்க. ‘மொத மொதக் காய்ச்சல் வந்த பிள்ளைய வீட்டுலயே வச்சிருந்தா, இன்னைக்குப் பள்ளிக்கூடத்தையே மூட வேண்டி வந்திருக்காது சார்.’ நான் சொன்னேன், ‘கரெக்டாச் சொன்னீங்க டீச்சர். சில பெத்தவங்களுக்குப் பொறுப்புங்கிறதே கிடையாது.’

அந்த ஏழு நாளும் நான் சும்மா இருக்கல. காய்ச்சல் பரவாமத் தடுக்கிறது எப்படின்னு எங்க தெருச் சாவடியில ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டேன். நூறு பேரு, நெருக்கி உக்காந்தா நூத்திருபது. மைக்கு ஒண்ணுதான், கை மாத்திக் கை மாத்திப் பேசுனாங்க. தண்ணி டிரம்முல ஒரே டம்ளரு, சங்கிலி போட்டுக் கட்டியிருந்தோம், காணாமப் போயிரக் கூடாதில்ல. பள்ளிக்கூடத்த நேரத்துக்கு மூட வச்சதுக்கு எனக்குச் சால்வை போத்துனாங்க. அம்புட்டுப் பேரும் வந்து கையக் குடுத்தாங்க. பாதியில சுகாதார ஆய்வாளர் வந்து, ‘கூட்டம் போடாதீங்கன்னு சொல்றதுக்கு யாராச்சும் கூட்டம் போடுவாங்களாய்யா?’ன்னு கத்துனாரு. பொறாமை. அவரு போட வேண்டிய கூட்டத்த நான் போட்டுட்டேன்ல. என்ன கெட்ட நேரமோ, ரெண்டு நாள்ல தெருவே படுத்துருச்சு. கூட்டம் மட்டும் போடாம இருந்திருந்தா இன்னும் எம்புட்டுப் பேரு படுத்திருப்பாங்களோ.

ஷெர்லினத்தான் ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. நாலு நாள் குளுக்கோஸ் ஏத்துனாங்க. மூச்சு வாங்குச்சாம் பிள்ளைக்கு. எம்மக அதைக் கேட்டதுல இருந்து சரியாச் சாப்பிடல. பேசல. காய்ச்சல் விட்ட அசதின்னு நான் நினைச்சுக்கிட்டேன். பிறகு ஷெர்லின் நல்லாயிட்டா, பள்ளிக்கூடமும் திறந்துட்டாங்க. எல்லாம் சுபம்.

போன வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. புதுச் சட்டை போட்டுக்கிட்டு நான் மொத வரிசையில உக்காந்திருக்கேன். பதினாலாவது கடிகாரத்துக்குப் பக்கத்துல கோப்பைக்குன்னு ஆணி அடிச்சுப் பலகை கூட வச்சுட்டேன். ‘ஐந்து ஆண்டும் முழு வருகை, மாணவி பூர்விகா’ன்னு பேரு கூப்பிட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி. பொய் சொல்லல அண்ணாச்சி, எங்கய்யா கால ஒடச்ச அன்னைக்கு விட்ட பள்ளிக்கூடம் அந்த மேடையில எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

பிள்ளை மேடை ஏறுனா. கோப்பைய வாங்கல. மைக்குக்கிட்டப் போனா.

‘டீச்சர், திங்க, செவ்வா, புதன் மூணு நாளும் எனக்குக் காய்ச்சல் டீச்சர். நெத்தியில ஈரத்துணி வச்சுட்டு வந்தேன். ஷெர்லினுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சு. மூணு நாளும் எனக்கு ஆப்சென்ட் போட்டுருங்க டீச்சர்.’

அம்புட்டுத்தான். சொல்லிட்டு இறங்கிப் போயி ஷெர்லின் பக்கத்துல உக்காந்துட்டா. கூட்டம் பூரா கை தட்டுது. எதுக்குத் தட்டுனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. கனகமணியும் தட்டுறா. ஜெபராசு எந்திரிச்சு நின்னு தட்டுறாரு. பத்மாவதி டீச்சர் என்னைய ஒரு பார்வை பாத்தாங்க, அப்புறம் பதிவேட்டக் கொண்டாரச் சொல்லி, அங்கயே சிவப்பு மையில மூணு ஆப்சென்ட் போட்டுட்டாங்க. கோப்பை இந்த வருசம் யாருக்கும் இல்லன்னு அலமாரிக்குப் போயிருச்சு.

இதுதான் என் மனு. நீங்களே சொல்லுங்க, மாசம் முடிஞ்சு கூட்டிப் போட்டுக் கையெழுத்து ஆன பதிவேட்டத் திருத்தலாமா? என் மில்லுல ஒருத்தன் திருத்திருவானா? பிள்ளை வகுப்புல இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. அப்புறம் எப்படி ஆப்சென்ட்? காய்ச்சலோட இருந்தாலும் இருந்தது இருந்ததுதான?

ம்... ம்... பொறுங்க. தண்ணி ஒரு வாய் குடுங்க. இல்லியா? காலி பாட்டிலா? சரி. இல்ல அண்ணாச்சி, காய்ச்சல்லாம் இல்ல. மூணு நாளா லேசா உடம்பு சூடு, அவ்வளவுதான். மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போயிக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு எனக்கு வார லீவு, அதனாலதான் இன்னைக்குக் கிளம்புனேன். காலையில பூர்விகா நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, ‘போகாதீங்கப்பா’ன்னா. போவேன்னேன். அப்புறம் மனுவக் கேட்டா. ‘குடுங்கப்பா, நானே மடிச்சுக் கவர்ல போடுறேன்’னு வாங்கி ஒட்டியும் குடுத்தா. என்ன இருந்தாலும் அப்பா மேல பாசம் இருக்கு பாத்தீங்களா.

மனுவ வாசிக்கிறேன், கேளுங்க. கவரத் திரும்ப ஒட்டிக்கிடலாம். நாலு பக்கம் எழுதியிருக்கேன்.

என்ன இது, ஒத்தப் பக்கமா இருக்கு? இது என் எழுத்து இல்லியே. கோடு போட்ட தாள். பூர்விகா எழுத்து.

‘பெறுநர், மேலாளர் அவர்கள், அப்பா வேலை செய்யும் மில். மதிப்பிற்குரிய ஐயா, என் அப்பா குருவையாவுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். அவருக்கு லீவு கேட்கத் தெரியாது. அதனால் நான் கேட்கிறேன். அவருக்குத் தயவுசெய்து...’

இந்த இடத்துல கோடு போட்டுக் காலியா விட்டிருக்கா.

‘...நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு...’ கீழ ‘பெற்றோர் கையொப்பம்’னு போட்டு, அதுல பூர்விகான்னு அவளே கையெழுத்துப் போட்டிருக்கா. அதுக்கும் கீழ ஒரு வரி. ‘அப்பா, உங்க மனு என் கணக்கு நோட்டுல பத்திரமா இருக்கு. காய்ச்சல் விட்டதும் தர்றேன். ஒரு நாள் லீவு போட்டா அது மறுநாள் முடிஞ்சுருமப்பா.’

...

ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. தூசி.

இல்ல. தூசி இல்ல.

அந்த ஜன்னலத் திறந்து விடுங்க. நல்லாத் திறங்க. நான் அந்தப் பின் சீட்டுல போயி உக்காந்துக்கிடுறேன், யாரும் இல்ல அங்க. சிவகாசியில இறங்கித் திரும்பிருவேன்.

உங்க பேனா ஒரு நிமிசம்... இல்ல, வேண்டாம். என் கையில குடுக்காதீங்க. தாள மடியில வச்சு, நீங்களே அந்தக் கோட்டு மேல ஒரு மூணு போட்டுருங்க.

ஏழாப் போடுங்க அண்ணாச்சி.